அங்கீகாரம் வரும்வரை

ஊரில் சித்தி மகள் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள். "அக்கா, நானும் ஜெர்மனி வரலாம்னு இருக்கேன். அங்க பழகிருமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். கூடப் படிக்கும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டார்களாம். வகுப்புக்கு எவ்வளவு, விசாவுக்கு எவ்வளவு, மாதச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பழகுமா என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு குரல் செய்தியில் பேசி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். ஏலமலைப் பக்கத்திலிருந்து கிளம்ப நினைக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது இடுக்கி மாவட்டம் ஆனைக்கரையில், குமுளியிலிருந்து மூணாறு போகும் வழியில், ஏலக்காய்த் தோட்டத்து லயத்தில். வீட்டில் பேச்சு கம்பம் தமிழ், கடையிலும் பஸ்ஸிலும் மலையாளம். மதுரையில் நர்சிங் படித்து, அங்கேயே ஐ.சி.யூ.வில் வேலை பார்த்துவிட்டு, இப்போது தெற்கு ஜெர்மனியில் உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.

மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேரளத்தில் ஆனைக்கரை இரண்டு. வார்டில் கூட வேலை செய்யும் ஒருத்தி என் ஊரைப் போனில் தேடியபோது வந்தது பாலக்காடு மாவட்டத்து ஆனைக்கரை. அங்கே வடக்கத்து என்று ஒரு பெரிய தறவாடு. அரசியல் சட்டத்தை எழுதிய நிர்ணய சபையில் இருந்த பெண்களில் ஒருவரான அம்மு சுவாமிநாதனின் குடும்பம் அது. அவருடைய மகள்தான் கேப்டன் லட்சுமி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரான லட்சுமி 1940ல் சிங்கப்பூர் போனார். அப்போது அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அங்கே அவர் வைத்த கிளினிக்குக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து பிழைக்கப்போன ஏழைக் கூலிகள். 1943ல் நேதாஜியின் ராணி ஜான்சி படைக்கு அவர் தலைமை ஏற்றபோது சேர்ந்த பெண்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலே அதற்காகத் துப்பாக்கி ஏந்தியவர்கள். இடைவேளையில் காப்பியை ஆறவிட்டு இதையெல்லாம் படித்தேன். என் ஆனைக்கரை அது இல்லை. ஆனாலும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும் என்று தோன்றியது.

சரி, பழகும் விஷயத்துக்கு வருகிறேன்.

குளிர், சாப்பாடு, தனிமை என்று எல்லோரும் மூன்றைத்தான் கேட்கிறார்கள். குளிர் ஒரு பெரிய விஷயமில்லை. மார்கழி, தையில் ஆனைக்கரையில் காலை ஆறு மணிக்குக் காய் எடுக்கப் போனவர்களுக்கு அது தெரிந்ததுதான். வீட்டுக்குள் ஹீட்டர் இருக்கிறது, வெளியே நல்ல கோட்டு இருந்தால் போதும். அரிசியும் பருப்பும் புளியும் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கடை முழுக்க மூடியிருக்கும். அந்த ஓய்வு நாளுக்கு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறதாம். சனிக்கிழமையே வாங்கி வைக்கப் பழகிவிட்டால் தீர்ந்தது. தனிமையைவிட என்னைப் படுத்தியது இருட்டு. நம் ஊரில் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்துக்குப் போகும். இங்கே டிசம்பரில் எட்டு மணிக்கு மேல் விடிந்து நாலரைக்கு இருட்டிவிடுகிறது. நைட் ஷிஃப்ட் வாரமானால் வெளிச்சத்தையே பார்க்காமல் போய்விடும். காரணமே இல்லாமல் அழுகை வரும். அதை வீட்டு ஏக்கம் என்று நினைத்துக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் போய் ரத்தத்தில் வைட்டமின் டி பார்க்கச் சொல்ல வேண்டும். லீவு நாளில் மத்தியானம் கட்டாயம் வெளியே நடக்க வேண்டும்.

இவையெல்லாம் ஒரு குளிர்காலம் போனால் அடங்கிவிடுகின்றன. நான் பழக முடியாமல் திணறியது வேறோர் இடத்தில். வேலையில்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளி தனியாக இருக்கமாட்டார். வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருப்பார், கேரளத்தில் பைஸ்டாண்டர் என்றே அவருக்குப் பெயர். உடம்பு துடைப்பது, ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடுவது எல்லாம் அந்த ஆள் பார்த்துக்கொள்வார். நர்ஸ் நரம்பு பிடிப்பாள், டிரிப் ஏற்றுவாள், மருந்து கொடுப்பாள், சார்ட் எழுதுவாள். இங்கே உறவினர் பூங்கொத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நோயாளியைக் குளிப்பாட்டுவது முதல் காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பதுவரை நர்ஸின் வேலை. நரம்பில் ஊசி ஏற்றுவதோ பல ஆஸ்பத்திரிகளில் டாக்டர் வேலை.

இது போதாதென்று, நான் வந்து இறங்கியது நர்ஸாக இல்லை. இந்தியப் படிப்பை இங்கே அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. சான்றிதழ்களை மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும். பாடவாரியாக மணிக்கணக்கை ஒப்பிட்டுப் பார்த்து, குறைகிறது என்று ஒரு தாள் வரும். பிறகு மருத்துவமனையிலேயே சில மாதங்கள் குறையை ஈடுசெய்யும் பயிற்சி, அல்லது வாய்மொழியும் செய்முறையுமாக ஒரு அறிவுத் தேர்வு. கூடவே ஜெர்மன் மொழியில் பி2 நிலை. இவை முடிந்து அங்கீகாரம் கைக்கு வரும்வரை சட்டைப் பெயரட்டையில் 'உதவியாளர்' என்றுதான் போட்டிருக்கும். சம்பளமும் அப்படித்தான். முதியோர் பராமரிப்புத் துறையில் 2025 ஜூலையில் குறைந்தபட்ச ஊதியம் உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, முழு நர்ஸுக்கு 20.50 என்று இருந்தது. ஏஜென்ட் சொல்லும் சம்பளம் எப்போதும் இரண்டாவதுதான்.

ஒரு நாள் பெரியவர் ஒருவருக்கு நரம்பு கிடைக்கவில்லை. சின்ன வயது டாக்டர் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தார். பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு, நீர் கோத்து வீங்கிய கைகளில், மூன்று மாதக் குழந்தைகளுக்கு எல்லாம் நரம்பு பிடித்துப் பழகிய கை என்னுடையது. தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். எனக்கு அனுமதி இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசும்போது சாப்பிட்டாயா என்றதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. கைத்தொழில் தெரிந்த ஒருத்தியைத் தொழில் தெரியாதவளாக நிற்கவைப்பது எவ்வளவு வலிக்கும் என்பதை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அந்த வார்டில் முப்பது வருடமாக இருக்கும் ஒரு மூத்த நர்ஸ்தான் என்னைத் தூக்கிவிட்டவர். ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டும்போது கூட நின்று காட்டினார். குதிகாலில் லேசான சிவப்பு: அழுத்தப்புண் ஆரம்பிக்கிறது. இடது பக்கம் திருப்பினால் மூச்சு வாங்குகிறது, வலது பக்கம் இல்லை. நேற்றுத் தானே முகம் துடைத்துக்கொண்டவர் இன்று துணியைப் பிடிக்கவில்லை. கணுக்காலில் விரலை வைத்து எடுத்தால் பள்ளம் நிற்கிறது. இருபது நிமிடத்தில் ஸ்கேன் இல்லாமல், ரத்தம் எடுக்காமல் அவ்வளவையும் பார்த்து, சார்ட்டில் எழுதி, டாக்டரைக் கூப்பிட்டார். மதுரையில் நோயாளியின் உடம்பை மானிட்டர் வழியாகவே பார்த்திருந்த எனக்கு அது முழுப் புதுப் பாடம். அதன் பிறகு காலையில் குளிப்பாட்டும் வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

அதற்காக அந்த இடைக்காலத்தை நல்லது என்று சொல்லமாட்டேன். ஆறு மாதத்தில் முடிய வேண்டிய காகிதம் ஒன்றரை வருடம் இழுத்தால் அவ்வளவு காலத்துச் சம்பளமும் மரியாதையும் போகின்றன. இன்னொன்றும் போகிறது. 2023 நவம்பரில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, திறன் பெற்ற பணியாளர் என்ற அனுமதியோடு மூன்று வருடம் வேலை செய்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மூன்று வருடக் கணக்கு, முழு நர்ஸாக அனுமதி கிடைத்த பிறகே ஓடத் தொடங்கும். ஆகவே ஊரிலேயே பி2 முடித்துவிட்டுக் கிளம்பு என்று தங்கச்சியிடம் அழுத்திச் சொல்வேன். பி1 போதும், மிச்சத்தை இங்கே வந்து படிக்கலாம் என்பார்கள். ஷிஃப்ட் முடிந்து கால் கடுத்து வரும்போது இலக்கணப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பி2 முடித்தாலும் ஒரு தடை மிச்சமிருக்கிறது. இந்தப் பகுதிப் பேச்சு வகுப்பில் படித்த ஜெர்மன் இல்லை, ஷ்வேபிஷ் என்னும் வட்டார வழக்கு. வயசாளி ஒருவர் 'ஃபூஸ்' வலிக்கிறது என்றால், புத்தகப்படி பாதம். இவர்கள் பேச்சில் இடுப்புக்குக் கீழே முழுக் காலும் அதுதான். விழுந்து அடிபட்டு வந்தவர் அப்படிச் சொன்னால் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது, இடுப்பெலும்பையும் பார்க்க வேண்டும். கால் என்று ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லி வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். வடக்கு ஜெர்மனியிலிருந்து வந்த டாக்டரே ஒருமுறை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இனி காகிதம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் பதிய முடியாது. பதியாமல் வங்கிக் கணக்கு, வரி எண் எதுவும் நகராது. தபால்பெட்டியில் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். இங்கே எல்லாம் கடிதத்தில்தான் வரும். டி.வி. இல்லாத வீட்டுக்கும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ என்று வருகிற கடிதம் உள்பட. எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் வைக்காதே. நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல், குடும்பப் பெயர். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கிறது. இங்கே மரியாதையாக அழைப்பதென்றால் குடும்பப் பெயரைச் சொல்லித்தான். அதனால் வார்டு முழுக்க என்னை அப்பா பெயரால் கூப்பிடுகிறது. தோட்டத்தில் அப்பாவை இத்தனை மரியாதையாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போனில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

காகிதம் என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. அப்பத்தா 1960களில் கம்பத்திலிருந்து கல்யாணமாகிக் கம்பமெட்டு ஏறி வந்தவர். தேவிகுளம், பீருமேடு பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் அதற்குள் முடிந்திருந்தது. 1956 நவம்பர் 1ல் மலை கேரளத்துக்கென்று ஆகிவிட்டது. நின்று பார்த்தால் சொந்த ஊர் வயல் கீழே தெரியும். ஆனால் கடுதாசி மலையாளத்தில் வரும். லயம் எஸ்டேட்டுக்குச் சொந்தம் என்பதால் வீட்டுக்குப் பத்திரமில்லை, வரி ரசீது இல்லை. அப்பா படிக்கும் காலத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டபோது, 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவரச் சொன்னார்கள். பட்டியல் சாதி ஆணை வெளியான நாள் அது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்குப் பூர்வீக மாநிலத்தில்தான் சலுகை. கீழே இறங்கிப் போய்க் கேட்டால், பிறந்தது கேரளம், அங்கேயே போய்க் கேள் என்றார்கள். அப்பா பத்தாவதோடு நின்றார். அறுபது வருடம் மலையில் இருந்த அப்பத்தா சாகும்வரை பக்கத்து ஊர்க் கடைத்தெருவில் 'பாண்டிக்காரி'தான்.

இதை ஏன் சொல்கிறேனென்றால், இங்கே இரண்டு வருடத்தில் என் கைக்கு வந்த பதிவுச் சீட்டும் காப்பீட்டு அட்டையும் ஓய்வூதிய எண்ணும் அப்பத்தாவுக்குப் பிறந்த ஊரிலிருந்து ஒரு பஸ் பயண தூரத்துக்குள் கிடைக்கவில்லை. புது இடம் பழகுவதை மனசுறுதி சம்பந்தப்பட்டதாகவே பேசுகிறோம். அப்பத்தாவைவிட மனசுறுதி உள்ள ஒருவரை நான் பார்த்ததில்லை. நான் அவரைவிடச் சீக்கிரம் வேர்பிடித்ததற்குக் காரணம் என் சமர்த்து இல்லை. கையில் இருந்த தாளும், எனக்கு முன்னால் வந்தவர்களும்தான்.

முன்னால் வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1960களிலேயே கத்தோலிக்கத் திருச்சபை வழியாகக் கேரளத்து இளம்பெண்கள் மேற்கு ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்தார்கள். இங்கே வந்துதான் பலர் படித்தார்கள். கொரியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் பொருளாதாரம் தளர்ந்தபோது பலருக்கு அனுமதியை நீட்டிக்கவில்லை. பெட்டியைக் கட்டித் திரும்ப வேண்டியதாயிற்று. இன்று வாருங்கள் என்று கூப்பிடுகிற இதே நாடு ஒரு காலத்தில் போங்கள் என்றும் சொல்லியிருக்கிறது. நிரந்தரக் குடியிருப்பைத் தள்ளிப்போடாதே என்று நான் சொல்வது அதனால்தான். தங்கிவிட்டவர்கள் இப்போது ஓய்வுபெற்ற பாட்டிகள். என்னை ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போனது கோட்டயம் பக்கத்துச் சேச்சி ஒருவர். அவரைக் கூட்டிவந்தது அப்படி ஒரு பாட்டி. சேச்சி வீட்டில் முதல் ராத்திரி மட்டையரிசிச் சோறும் பயறுத் தோரனும். நாட்டில் இருந்திருந்தால் நானும் அவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்போமா என்று தெரியாது. இங்கே என் அறைச் சாவியின் நகல் அவரிடம்தான் இருக்கிறது.

தமிழ்க் கடைக்குப் போனால் அங்கே இன்னொரு கதை. 1980களில், குறிப்பாக 1983க்குப் பிறகு, ஈழத்திலிருந்து வந்தவர்கள் நடத்தும் கடைகள். கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து அகதிகளாகப் பதிந்தவர்கள் அவர்களில் பலர். 2002ல் ஹாம் நகரில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் கட்டிக் குடமுழுக்குச் செய்தார்கள். தேருக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது. பிள்ளைகளுக்குத் தமிழாலயங்களில் எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். கடைக்கார அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இந்தியாவோ பிள்ளை? மலையாளமும் வருதே!" என்றார். இடுக்கி என்றேன். மலைத்தோட்டமா என்று கேட்டுவிட்டு, நுவரெலியாப் பக்கம் தனக்குத் தெரிந்தவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். முருங்கைக்காய்க்குக் காசு வாங்கவில்லை.

தங்கச்சி, உனக்கு இன்னும் சில வார்த்தை. கடன் வாங்கி ஏஜென்டிடம் கட்டாதே. கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஜெர்மன் வேலைவாய்ப்பு அமைப்போடு ஒப்பந்தம் போட்டு 'டிரிப்பிள் வின்' என்ற திட்டத்தை நடத்துகிறது. தேர்வானவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, மொழி வகுப்பும் இலவசம். இடம் குறைவு, காத்திருக்க வேண்டும், காத்திரு. தனியார் வழி என்றால் 'நியாயமான ஆளெடுப்பு' என்று ஜெர்மன் அரசு தரும் தர முத்திரை இருக்கிறதா என்று பார். வேலை ஒப்பந்தத்தில் பாதியில் விலகினால் பல ஆயிரம் யூரோ திருப்பித் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து ஒளிந்திருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு மொழிப் பிரதிகளையும் எனக்கு அனுப்பு, வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன். அங்கீகாரத்துக்கு யார் விண்ணப்பிப்பார்கள், எந்தத் தேதிக்குள், செலவு யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது.

நாங்கள் காலி செய்த லயத்தில் இப்போது ஜார்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. அப்பாவுக்கு உடைந்த இந்தி கொஞ்சம் வரும். ஊரில் அவர்களைப் பற்றிப் பேசும் பேச்சு, அப்பத்தாவைப் பற்றிப் பேசிய அதே பேச்சு. சொல் மட்டும் மாறியிருக்கிறது. நம்மவர்களும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்வது எனக்குத் தாங்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமே ஒரு குடும்பத்தை ரேஷன் கடைக்குக் கூட்டிப்போய், அவர்கள் ஊர்க் கார்டு இங்கேயும் செல்லும் என்று கடைக்காரரிடம் பேசி, கைரேகை வைக்கச் செய்து அரிசி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் ஜார்கண்டிலேயே கிடக்கிறது. அது வந்து சேரும்வரை தடுப்பூசி அட்டையைக் காட்டிச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்க, அப்பா திங்கட்கிழமை போகிறார்.